கிணறும் வழிவாய்க்காலும்: பகிர்வு நிரலகங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வற்றாத ஆறு எதுவுமற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வேளாண்மை கிணற்றை நம்பியே வளர்ந்தது. ஒரு கிணற்றைப் பலர் பங்காக அனுபவிப்பதும், காணி உறுதியில் கிணற்றுப் பங்கோடு வழிவாய்க்கால் உரிமையைச் சேர்த்தெழுதுவதும் இங்குள்ள வழக்கம். கிணறு பொதுவாயினும், நீர் எவ்வழியே தோட்டத்தை அடையும், அவ்வழியை மாற்றும் உரிமை யாருக்குண்டு என்பன தனியே தீர்க்கப்பட வேண்டியவை. கணினியியலிற் பகிர்வு நிரலகங்களின் வரலாறும் இவ்வினாவையே சுற்றி அமைந்துள்ளது.

பல செய்நிரல்களுக்கும் பொதுவாக வேண்டப்படும் ஆணைத்தொகுதிகளின் திரட்டே நிரலகமாகும். தொடக்கத்தில் ஒவ்வொரு செய்நிரலும் தனக்கு வேண்டிய பகுதியின் பிரதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. இதனால் நினைவகம் வீணாயிற்று; நிரலகத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், அதனைப் பயன்படுத்திய செய்நிரல்கள் அனைத்தையும் மீள அமைக்க நேர்ந்தது. 1960களின் நடுப்பகுதியில் எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுகூடம் ஆகியன கூட்டாகத் தொடங்கிய மல்ரிக்ஸ் முறைமை, செய்நிரல் இயங்கும்போதே வேண்டிய பகுதியைத் தேடி இணைத்தது. தேடும் ஒழுங்கைப் பயனர் மாற்றவும் இடமளித்தது. யுனிக்ஸ் மரபில் இம்முறை வேரூன்ற வழிசெய்தவற்றுள் 1988இல் வெளிவந்த சன் ஓ.எஸ். 4.0 குறிப்பிடத்தக்கது.

இம்மரபில் இரு சூழல் மாறிகள் மனங்கொள்ளத்தக்கன. ‘எல்.டி. லைப்ரரி பாத்’ என்பது எவ்விடங்களில் முதலில் தேட வேண்டும் எனச் சுட்டும். ‘எல்.டி. பிரிலோட்’ என்பது குறித்தவொரு நிரலகத்தை ஏனையவற்றுக்கு முன்னே நிறுத்தும். அதிலுள்ள செயற்கூறு, அதே பெயருடைய பழைய செயற்கூற்றின் இடத்தைப் பெற்றுவிடும். செய்நிரலைத் தொடாமலே திருத்தத்தைச் சோதிக்க இது பேருதவியாகும். எனினும், வாய்க்காலைத் திருப்ப வல்லவன் நஞ்சையும் பாய்ச்ச வல்லவனே. ஆதலின், அழைப்பவரிலும் மேலான அதிகாரத்துடன் இயங்கும் செய்நிரல்களில் இணைப்பி இச்சுட்டல்களைப் பெரும்பாலும் புறக்கணிக்குமாறு அமைக்கப்பட்டது.

இக்காவலின் குறைபாடு 1995 நவம்பரில் வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினியுட் புக உதவும் ரெல்நெற் சேவைகள் சில, வெளியார் அனுப்பிய சூழல் மாறிகளை நுழைவுச் செய்நிரலுக்குக் கையளித்தமையை அமெரிக்காவின் சேர்ட் நிலையம் அறிவித்தது. சேவை ஏற்கெனவே முழு அதிகாரத்துடன் இயங்கியமையால், நுழைவுச் செய்நிரல் புதிதாக அதிகாரம் எதனையும் பெறவில்லை. எனவே இணைப்பியின் காவல் விழித்தெழவில்லை. அக்கணினியில் தனது நிரலகத்தை முன்னரே வைத்துவிட்ட ஒருவர், அதனையே நுழைவுச் செய்நிரல் ஏற்குமாறு செய்ய முடிந்தது.

2024இல் நிகழ்ந்தது இதனினும் வேறுபட்டது. தேடல்வழி மாற்றப்படவில்லை, எக்ஸ்.இசட். யூட்டில்ஸ் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பராமரிப்பாளர் ஒருவரின் உரிமையைப் பெற்றிருந்தவர் வழியாகவே தீய நிரல் புகுத்தப்பட்டது. அது எஸ்.எஸ்.எச். சேவையின் செயற்கூறொன்றினிடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டது. நுழைவு ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதித்தமையை ஆராய்ந்த அன்ட்றேஸ் புரொயின்ட், மார்ச் 29இல் இதனை உலகறியச் செய்தார்.

1995இல் வாய்க்கால் திருப்பப்பட்டது. 2024இல் கிணறே மாசுற்றது. முன்னையதற்கு விதி தேவைப்பட்டது; பின்னையதற்கு விதி போதவில்லை, விழிப்புள்ள பங்காளி ஒருவர் வேண்டியிருந்தார். பொதுவுடைமை நிலைப்பது, அதன் நீரை அருந்துவோர் அதனைக் காக்கும் பொறுப்பையும் பகிரும்போதே எனலாம்.