மெருகும் துருவும்: பழைய லேண்ட் ரோவர்களை மீட்டெடுத்தல் குறித்து

பழம்பொருள் ஒன்றைக் காப்பாற்ற முனைவோர் அனைவரும் ஒரு வினாவை எதிர்கொண்டே ஆகவேண்டும்: காப்பாற்றப்பட வேண்டியது அப்பொருளின் முதல்நாள் தோற்றமா, அல்லது அது கடந்து வந்த காலமா? ஏடு பதிப்பிப்போரும் பழைய கட்டடங்களைச் செப்பனிடுவோரும் நெடுங்காலமாக விவாதித்து வரும் இவ்வினா, கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்று பிறந்த ஒரு வண்டியைச் சுற்றியும் எழுந்துள்ளது. லேண்ட் ரோவரின் வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதனால்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த வேளையில், ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரான மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கில்சி தீவிலிருந்த தம் நிலத்தில், படையினர் கழித்துவிட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது பழுதுற்றால் அதன் இடத்தில் வைக்க இங்கிலாந்தில் வேறொன்று இல்லை என்ற உணர்விலிருந்தே புதிய வண்டியின் எண்ணம் பிறந்தது. ஆங்கில்சியின் ரெட் வார்ஃப் கடற்கரை மணலில், தம் தமையனாரும் நிறுவன நிர்வாகியுமான ஸ்பென்சர் வில்க்ஸுக்கு அவர் அதன் உருவத்தை வரைந்து காட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. 1947இல் ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே, நடுவில் திசைச்சக்கரம் அமைந்த மாதிரி வண்டி ஒன்று உருவானது. அது இன்று இல்லை. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது. 80 அங்குலச் சக்கர இடைவெளி, 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். உழவருக்கான கருவி என்ற அளவில், சில ஆண்டுகள் விற்றால் போதும் என்று தொடங்கப்பட்ட முயற்சி அது.

பிறந்த காலத்தின் வறுமை அவ்வண்டியின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் இருந்தது. ஏற்றுமதி செய்வோருக்கே அது தாராளமாகக் கிடைத்தது. ஆகவே மேனித் தகடுகள் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையால் ஆயின. அச்சுக்கருவிகள் செய்யப் பணம் செலவிட விரும்பாமையால் தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே விடப்பட்டன. இன்று நாம் அழகென்று போற்றும் அந்த நேர்கோட்டுத் தோற்றம், உண்மையில் சிக்கனத்தின் தோற்றம். அடிச்சட்டம் மட்டும் எஃகால் ஆனது. வெட்டிய பட்டைகளை நான்கு புறமும் பற்றவைத்து உருவாக்கிய பெட்டிக் குழல் அது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் இவ்வண்டிகளை வாங்க வருவோரின் இன்ப துன்பங்கள் இந்த அமைப்பிலிருந்தே விளைகின்றன. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, எனவே மேனி நன்றாகவே இருக்கும். ஆனால் பெட்டிக் குழலின் உள்ளே சேறும் நீரும் தங்கி, எஃகை உள்ளிருந்து தின்றுவிடும். வெளியே திண்ணமாகத் தெரியும் சட்டம், சிறு சுத்தியலால் தட்டினால் பொத்தென்ற ஒலி எழுப்பும். அனுபவமுள்ளவர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதற்கு முன் அதன் அடியில் படுத்துப் பார்ப்பதன் காரணம் இதுதான். பின்புறக் குறுக்குச்சட்டம், பட்டை வில்கள் மாட்டப்பட்ட தாங்கிகள், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள எஃகுத் தடுப்புச்சுவர், அதன் கீழ்ப்பகுதியில் ஓட்டுநரின் கால் பதியும் குழிகள் ஆகியவையே முதலில் சாகும் இடங்கள். எஃகும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடங்களில் ஈரம் புகுந்தால், அலுமினியம் வெண்பொடியாக உதிர்வதையும் காணலாம். எஞ்சின் இறுகிக் கிடந்தால் அஞ்சவேண்டியதில்லை, அதை இளக்கிவிடலாம். சட்டம் அழுகியிருந்தால் செலவின் கணக்கே மாறிவிடும்.

வாங்கியபின் நிகழும் வேலை பொறுமையைக் கேட்பது. கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் படமெடுத்துப் பெயரெழுதி வைக்கவேண்டும். தொடக்க கால வண்டிகளின் மரைகள் பழைய பிரித்தானிய அளவினவாதலால், இன்றைய மெட்ரிக் ஸ்பானர்கள் அவற்றில் அமராது. வலிந்து திருகினால் முனைகள் மழுங்கும். டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, சாயம் அடிப்பது கடைசிப் படி. பலர் அதையே முதற்படியாக எண்ணி ஏமாறுகிறார்கள்.

இங்குதான் அடையாளம் பற்றிய சிக்கல் எழுகிறது. அழுகிய சட்டத்தை எறிந்துவிட்டுத் துத்தநாகம் பூசிய புதுச் சட்டத்தைப் பொருத்தலாம், எஞ்சினை மாற்றலாம், தகடுகளை மாற்றலாம். எந்த இடத்தில் அது வேறு வண்டியாகிறது? மெய்யியலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்விக்கு இங்கிலாந்தின் வாகனப் பதிவுத்துறை எண்களால் விடை சொன்னது. பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்த அதன் கணக்கில் அடிச்சட்டத்துக்கு 5 புள்ளிகள்; சக்கரத் தாங்கமைப்பு, இருசுகள், கியர் அமைப்பு, திசைச்சக்கர அமைப்பு ஒவ்வொன்றுக்கும் 2; எஞ்சினுக்கு 1. மொத்தம் 14இல் 8 புள்ளிகள் பெற்றால் வண்டி தன் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளும். அதே அளவில் செய்த புதுச் சட்டத்தையும் விதி ஏற்றுக்கொண்டது. நாம் வண்டியின் இதயம் என்று நினைக்கும் எஞ்சினுக்குச் சட்டம் அளித்த மதிப்பு ஒன்றே ஒன்று என்பது சிந்திக்கத்தக்கது. 2025இல் இவ்விதிகள் திருத்தப்பட்டன. பெயர்ப்பலகையிலும் சட்டத்திலும் பொறித்த எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும், கேடன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் ஆலைப் பதிவேடுகளிலிருந்து வழங்கும் சான்றிதழைப் பெறுவதும் வாங்குவோர்க்கு இன்றும் தேவையானவையே.

மீட்பில் இரண்டு நெறிகள் உள்ளன. ஒன்று, ஆலையிலிருந்து அன்று வெளிவந்தது போலவே ஆக்குவது. 2016இல் லேண்ட் ரோவர் நிறுவனமே முதல் வரிசை வண்டிகள் 25ஐ இவ்வாறு மறுபிறவி எடுக்கச் செய்யும் திட்டத்தை அறிவித்தது. மற்றொன்று, காலத்தின் தழும்புகளோடு காப்பது. ஆம்ஸ்டர்டாமில் 1948இல் காட்டப்பட்ட வண்டிகளுள் ஒன்று, 1960களில் சாலையை விட்டு நீங்கி, வேல்ஸ் வயல் ஒன்றில் இருபதாண்டுகள் கிடந்து, பின்னர் அது பிறந்த சாலிஹல் ஆலைக்குச் சில மைல் தொலைவிலேயே ஒரு தோட்டத்தில் அடையாளம் காணப்பட்டது. 2018இல் அதன் மீட்பை அறிவித்த அதே நிறுவனம், இம்முறை தேய்ந்த மேனியைத் தேய்ந்தவாறே காப்பதாகச் சொன்னது. வின்ஸ்டன் சர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளையொட்டி 1954இல் அளிக்கப்பட்ட வண்டியும், புதுமெருகு ஏறாத நிலையிலேயே 2012இல் ஏலத்தில் 1,29,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. துருவுக்கும் விலை உண்டு என்பதைச் சந்தை கற்றுக்கொண்டுவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர், 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து இரு லேண்ட் ரோவர்களில் புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். வண்டிகளுக்குப் பல்கலைக்கழகங்களின் பெயர்களே சூட்டப்பட்டன. குழுவில் ஒருவரான டிம் ஸ்லெஸர் எழுதிய பயண நூல் பலரையும் நெடும்பயணத்துக்கு அழைத்துச் சென்றது. கேம்பிரிட்ஜ் என்னும் வண்டி பின்னாளில் ஈரானில் பள்ளத்தில் வீழ்ந்து அழிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவில் பல்லாண்டுகள் கிடந்து, 2017இல் இங்கிலாந்து திரும்பி மீட்கப்பட்டது. 2019இல் அது எதிர்த்திசையில், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓடியது. சக்கரத்தைப் பிடித்தவர்களுள் ஸ்லெஸரின் பெயரரும் ஒருவர். காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால் கிடைத்திராத பொருளை அவ்வண்டிக்கு அந்தப் பயணமே கொடுத்தது.

இவ்விரு நெறிகளையும் அறியாமலேயே மூன்றாவது வழியில் செல்வோரும் உண்டு. டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்ஜாங்கிலிருந்து, ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்கு ஏறும் பாதையில், 1950களின் லேண்ட் ரோவர்கள் இந்த நூற்றாண்டிலும் பயணிகளைச் சுமந்தன. பிழைப்புக்காக ஓட்டுவோருக்குப் பழமை ஓர் அழகன்று. கிடைத்த உறுப்பைப் பொருத்தினார்கள். எஞ்சின் ஓய்ந்தால் உள்நாட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். மீட்பின் இலக்கணப்படி அவை கலப்படமானவை. ஆனால் உழைப்பதற்கென்று வடிக்கப்பட்ட வண்டிக்கு உழைத்துக்கொண்டே இருப்பதைவிட வேறென்ன நேர்மை வேண்டும்?

நம் கருத்தைச் சொல்லிவிடுவது நல்லது. உயிரைக் காக்கும் உறுப்புகளான பிரேக், திசைச்சக்கரம், அடிச்சட்டம் ஆகியவற்றில் பழமைப்பற்று கூடாது; அங்கே அழுகியதை நீக்கவேண்டும். ஆனால் மேனியில் தங்கிவிட்ட வெயிலையும் கீறலையும், முன்னாள் உடைமையாளர் தூரிகையால் எழுதிய பண்ணைப் பெயரையும் அழிப்பதற்கு முன் ஒருமுறைக்குப் பலமுறை எண்ணவேண்டும். சாயத்தை எப்போது வேண்டுமானாலும் பூசலாம். சுரண்டி எறிந்த பழைய சாயத்தை மட்டும் எவராலும் மீண்டும் பூச இயலாது. மாற்றிய உறுப்பு எது, பழைய உறுப்பு எது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியோடு வைத்தால், அடுத்து வருபவரும் அவ்வரலாற்றைப் பிழையின்றிப் படிப்பார்.