திடல் யாருடையது?

தென் ஆப்பிரிக்காவில் 1959இல் தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்று தொடங்கியது. பெயர், தேசியக் கால்பந்து லீக். பேருதான் தேசியம், ஆடினது வெள்ளைக்காரன் மட்டும். பெரும்பான்மை மக்களான கறுப்பர்களுக்கு அந்தத் ‘தேசிய’த்தில் இடமில்லை.

ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் சங்கங்கள் 1951லேயே ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்திருந்தன. அதன் வழியாக 1961இல் நிறம் பார்க்காத லீக் பிறந்தது: தென் ஆப்பிரிக்க சாக்கர் லீக். சொவேட்டோவின் மொரோக்கா ஸ்வாலோஸ், டர்பனின் அவலான் அத்லெட்டிக் எல்லாம் அதில் ஆடின. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்த்த டர்பன் கரீஸ் ஃபவுண்டன் திடலும் இந்த லீகுக்கு இடம் கொடுத்தது. ஜனம் ஆயிரக்கணக்கில் திரண்டது.

வெள்ளையர் சங்கத்துக்கு அடிவயிறு கலங்கியது. கலந்து ஆடக் கூடாதென்று தனிச்சட்டம் கிடையாது. எதற்குச் சட்டம்? 1950இன் வட்டாரப் பிரிப்புச் சட்டம் இருக்கிறது. திடல்கள் நகராட்சி கையில் இருக்கின்றன. திடலைக் கொடுக்காதே, லீக் தானாகச் சாகும். 1963இல் ஜோகன்னஸ்பர்க்கின் நடால்ஸ்ப்ரூட் திடலுக்கு வந்தவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்த்தார்கள். கோல் கம்பங்களையும் பிடுங்கியிருந்தார்கள். ஜனம் வேலி ஏறிக் குதித்தது. ஆட்டம் நடந்தது.

ஆனால் வாராவாரம் வேலி ஏறி ஒரு லீகை நடத்த முடியுமா? 1966இல் அது முடிந்துபோனது.

வெளியுலகம் என்ன செய்தது? 1961இல் வெள்ளையர் சங்கத்தை விலக்கிய ஃபிஃபா, தலைவர் ஸ்டான்லி ரூஸ் நேரில் போய்ப் பார்த்த பின் 1963இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளை அணி, 1970க்குக் கறுப்பு அணி என்று அந்தச் சங்கம் யோசனை சொன்னது. தனிக் குவளை மாதிரி தனி அணி! 1964இல் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் மறுபடி விலக்க வைத்தன. சொவேட்டோ பிள்ளைகளைச் சுட்ட 1976இல்தான் முழு வெளியேற்றம்.

1977இல் வெள்ளை லீக் சரிந்தது. கூட்டமும் திறமையும் கறுப்பர் லீக் பக்கம் இருந்தன. வெள்ளை அணிகள் அங்கே வந்து சேர்ந்தன. 1985இல் நிறபேதமற்ற புதிய லீக், 1992இல் ஃபிஃபாவில் மறுஅனுமதி, 1996இல் இன்றைய பிரீமியர் லீக்.

இந்த வரலாற்றை 1996இலிருந்து எண்ணினால் அது வெற்றிக் கதை. 1961இலிருந்து எண்ண வேண்டும். நிறம் பார்க்காமல் ஆட அந்த மக்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்களின் காலடியிலிருந்து மண்ணைப் பிடுங்கினார்கள். ‘அவங்களுக்கு வாய்ப்பு கொடுத்தோம்’ என்று யாராவது சொன்னால், கதவைப் பூட்டியது யார் என்று கேட்போம்.