கன்னித்தீவும் கடாரத்துக் கடலும்

படக்கதை சிறுவர்க்குரியது, அதனை வரலாற்று ஆராய்ச்சியின்பாற் கொண்டுவருதல் தகுமோ என்று அறிஞர் சிலர் வினவுவர். தகும் என்பதே நம் கருத்து. 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் நிறுவிய 'தினத்தந்தி' நாளிதழில் 1960-ஆம் ஆண்டு 'கன்னித்தீவு' என்னும் படக்கதை தொடங்கிற்று. ஓவியர் கணு முதலில் அதற்குப் படம் வரைந்தார். நாளொன்றுக்குச் சில கட்டங்களாக நகர்ந்த அக்கதை 60 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. முடிவு காணாது நீளும் வழக்கையோ பேச்சையோ 'கன்னித்தீவு போல' என்று நம் மக்கள் கூறுவதும் இதனாலேயே. ஒரு கதையின் பெயர் பழமொழியாகிவிட்ட பின்னர் அதனை ஆராய்ச்சியாளர் புறக்கணித்தல் எங்ஙனம்?

கதைப்பொருள் எளியது. மந்திரவாதி மூசா, இளவரசி லைலாவை மந்திரத்தால் சிற்றுருவாக்கிவிடுகின்றான். அவளைப் பழைய உருவிற்குக் கொணர வேண்டிச் சிந்துபாத் கடலும் காடும் தீவும் அலைகின்றான். ஒவ்வொரு தீவிலும் ஒரு புது இடர். இடர் தீர்ந்தவுடன் வேறொரு தீவு. இவ்வமைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. சப்பானில் எய்சிரோ ஓடா 1997-இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' என்னும் மங்காவும் இவ்வாறே தீவுக்குத் தீவு செல்வது. 2021-இல் அதன் 100-ஆவது தொகுதி வெளிவந்தது. பினாங்கு இளைஞருள் அதன் தலைவன் லுஃபியை அறியாதார் சிலரே. சாதுவனை அறிந்தார் எத்துணையர் என்று கேட்பின் விடை மகிழ்ச்சி தருவதாயிராது.

சாதுவன் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் வணிகன், ஆதிரையின் கணவன். பொருளையெல்லாம் கணிகையிடம் இழந்து, மீண்டும் பொருளீட்டக் கலம் ஏறினான். கலம் உடைந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றி நீந்தி, ஆடையின்றி வாழும் நாகர் மலையை அடைந்தான். அவர்கள் மனிதரைத் தின்பவர். அவன் உயிர் பிழைத்தது வாளாலும் அன்று, மந்திரத்தாலும் அன்று. நாகர் மொழியை அவன் அறிந்திருந்தான்! கொல்ல வந்தவரிடம் அவர்தம் மொழியிலேயே பேசினான். அவர்கள் தலைவன் தந்த கள்ளையும் ஊனையும் மறுத்தான்; உடைந்த கலங்களின் மக்களைக் கொல்லற்க என்று அறிவுறுத்தினான். தலைவனும் இசைந்து, முன்னர்க் கலங்களிலிருந்து கவர்ந்த சந்தனம், அகில், துகில் முதலியவற்றை அவனுக்கு அளித்தான். பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனது கலத்தில் சாதுவன் ஊர் திரும்பினான்.

இனி, 'ஆயிரத்தோர் இரவுகள்' தொகுப்பில் காணும் சிந்துபாதின் நான்காம் பயணத்தை நோக்குக. அங்கும் கலம் உடைகின்றது. அங்கும் மனிதரைத் தின்போர் உளர். உடன்வந்தோர் அவர்கள் இட்ட உணவை உண்டு அறிவிழந்தனர். உண்ணாது மறுத்த சிந்துபாத் ஒருவனே தப்பினான். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்று நாம் கூறத் துணியோம். ஒரே கடலில் ஒரே அச்சத்தோடு சென்ற மாலுமிகள் துறைதோறும் சொல்லிய செய்திகளே இரு மொழியிலும் கதையாயின என்று கொள்ளுதல் பொருந்தும். சிந்துபாத் கதையும் தொடக்கத்தில் தனிநூலாகவே வழங்கியது. பிரெஞ்சு அறிஞர் கல்லாந்து அதனை மொழிபெயர்த்த பின்னரே 18-ஆம் நூற்றாண்டில் அத்தொகுப்புள் சேர்ந்தது.

அவ்வரபுக் கதைகளில் 'கலா' என்றொரு நாடு வருகின்றது. கி.பி. 851-இல் எழுந்த அரபு நூலொன்றும் சீனத்திற்குச் செல்லும் கடல்வழியில் அத்துறையைக் குறிக்கின்றது. அது நம் கெடாவாகிய கடாரமே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வேறிடம் கூறுவாரும் உளர். கடாரமோ தமிழர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலையில் வரும் காழகத்திற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை கண்டார். முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் அதனை வென்றதை அவன் மெய்க்கீர்த்தி கூறும். நக்கவாரம், இலாமுரிதேசம் முதலிய பெயர்களும் அதனுள் உள்ளன. முன்னது நிக்கோபார், பின்னது சுமத்திராவின் வடமுனை. அரபு மாலுமிகள் வியந்து வருணித்த அதே தீவுகள்தாம் அவை. 1786-இல் பிரான்சிஸ் லைட் கைக்கொள்ளும்வரை நம் பினாங்குத் தீவும் கெடா அரசைச் சார்ந்ததே.

ஆகவே சிந்துபாத் வேற்றுக் கடலிலிருந்து நம்மிடம் வந்தவன் அல்லன். நம் வாயிலைக் கடந்து சென்றவன். கன்னித்தீவு ஆசிரியர்கள் அப்பெயரை எடுத்துக்கொண்டனர், கடலை விட்டுவிட்டனர். அவர்தம் தீவுகளில் பூதம் உண்டு, சூனியக்காரி உண்டு. கற்பூரம் இல்லை, அகில் இல்லை, பருவக்காற்று இல்லை, துறையின் பெயரும் இல்லை. சாதுவனின் நாகர் மலையிலே உடைந்த கலத்தின் சரக்குக்குக்கூடக் கணக்கு உண்டு. நாள்தோறும் ஆவலோடு படிக்கச் செய்த திறத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் கடாரத்தை ஓரிரு மாதமேனும் சிந்துபாத் கண்டிருப்பின், எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அப்பெயரைக் கேட்டு வளர்ந்திருப்பர்!

கடலச்சத்தின் சுவடுகளைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மணிமேகலா தெய்வம் கடலில் இடருற்றாரைக் காப்பவள் எனக் காப்பியம் கூறும். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவள் மேகலா என்னும் பெயரோடு மின்னலுக்குரியவளாக வழங்குகின்றாள். பிற்காலத்தில் கடலோடிகள் நாகூர் ஆண்டவரை வேண்டினர். ஓட்டையுற்ற கப்பலைக் காக்க அவர் தம் கைக்கண்ணாடியை எறிய, அது பறந்து சென்று துளையை அடைத்தது என்பது வழிவழிக் கதை. சூலியா வீதியில் இன்றும் நிற்கும் நாகூர் தர்கா 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு எழுந்தது. கரையேறியவர்கள் நன்றிக்கடன் செலுத்த ஓரிடம் வேண்டாவா?

இதனினும் பழைய சான்று ஒன்றும் உளது. 1834-இல் சேம்சு லோ என்னும் இசுகாத்துலாந்தியர் செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். தூபியொன்றின் உருவம் செதுக்கிய அக்கல்லில், ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு எழுத்தில் வடமொழி வாசகம் உளது. இரக்தமிருத்திகை என்னும் ஊரினனான மாநாவிகன் புத்தகுப்தன், தன் பயணம் இனிது நிறைவுறுக என்று வேண்டிப் பொறித்தது அது. அவ்வூர் வங்கநாட்டில் இருந்தது என்பர். புத்தகுப்தன் பூதத்தையோ மந்திரவாதியையோ குறிப்பிடவில்லை; திரும்பிச் செல்வதையே வேண்டினான். அவன் சென்றானோ இல்லையோ, அவன் கல் வங்கம் சென்றுவிட்டது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பெற்றுள்ளது.