தைல மரம்: தோட்ட வளர்ப்பும் பராமரிப்பும்

தைல மரம் (யூகலிப்டஸ்) என்பது கொய்யா, நாவல், கிராம்பு ஆகியவை அடங்கிய மிர்ட்டேசியே குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறா மரப் பேரினம். இதில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் தாயகம் ஆஸ்திரேலியா. தமிழ்நாட்டில் யூகலிப்டஸ் மரம், ஆர்.எஸ்.பதி மரம் என்ற பெயர்களும் வழங்குகின்றன. விரைவான வளர்ச்சி, இலையின் நறுமணம், உரிந்து வழுவழுப்பாகும் பட்டை, தேனீக்களை ஈர்க்கும் பூ ஆகியவற்றுக்காக இது தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது. மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற இனத்தைத் தேர்ந்து, போதிய இடம் விட்டு, தவறாமல் கவாத்துச் செய்தால்தான் இது தோட்டத்துக்கு உகந்த மரமாக இருக்கும்.

வரலாறு

டாஸ்மேனியாவை ஒட்டிய புரூனி தீவில் ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தின்போது சேகரித்த மாதிரியைக் கொண்டு, பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே 1788இல் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். நீலகிரியில் 1843இல் நீலத் தைல மரம் (யூகலிப்டஸ் குளோபுலஸ்) நடப்பட்டது. சோலைக்காடுகள் விறகுக்காக அழிந்துவந்த நிலையில், 1856 முதல் எரிபொருளுக்கென்றே இம்மரம் பெருமளவில் வளர்க்கப்பட்டது. இலையைக் காய்ச்சி வடிக்கும் நீலகிரித் தைலத் தொழிலுக்கு இதுவே அடிப்படை. தைலத்தின் முதன்மைப் பொருள் சினியோல்.

அமைப்பு

பூமொட்டை மூடியிருக்கும் சிறு மூடி கழன்று விழ, உள்ளிருந்து மகரந்தத் தாள்கள் குஞ்சமாக விரியும். இளஞ்செடியின் இலைக்கும் முதிர்ந்த மரத்தின் இலைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. நீலத் தைல மரத்தின் இளம் இலைகள் காம்பின்றி, எதிரெதிராக, சாம்பல் பூத்த நீல நிறத்தில் இருக்கும். முதிர்ந்தவை அரிவாள்போல் வளைந்து தொங்கும். பல இனங்களில் தண்டின் அடியில் கிழங்குபோன்ற ஒரு புடைப்பு உருவாகிறது. தீயில் கருகினாலும் அடியோடு வெட்டினாலும் மரம் மீண்டும் துளிர்க்க இதுவே காரணம்.

இனத் தேர்வு

நீலத் தைல மரம் 50 மீட்டருக்கு மேலும் உயரக்கூடியது. குளிர்ந்த மலைப்பகுதிக்கே உரியது. சமவெளியின் வெப்பத்தை யூகலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ், யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ் ஆகியவை தாங்கும். எலுமிச்சை மணமுள்ள தைல மரம் இப்போது கொரிம்பியா என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. பனி உறையும் நாடுகளில் டாஸ்மேனிய மேட்டுநிலத்து இனமான யூகலிப்டஸ் கன்னியை விரும்பி நடுகின்றனர். அதன் வெள்ளி நிற வட்ட இலைகள் பூங்கொத்துகளில் இடம்பெறுகின்றன.

நடவு

முழு வெயிலும் நல்ல வடிகாலும் தேவை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பல இனங்களுக்கு இரும்புச் சத்துக் குறைந்து இலை மஞ்சளாகும். உயரமான கன்றைவிட 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள இளங்கன்றே நல்லது. பையில் நீண்ட நாள் இருந்த கன்றின் வேர் சுருண்டுவிடும். அது பின்னாளில் பலத்த காற்றில் சாய வாய்ப்பு அதிகம். மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். முட்டுக்கொடுப்பதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். காற்றில் அசைந்து வளரும் தண்டே உறுதிப்படும். வீட்டுச் சுவர், கிணறு, கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளி நட வேண்டும்.

நீர், உரம், கவாத்து

முதல் ஆண்டில் வேர் ஆழமாக இறங்கும்படி, இடைவெளிவிட்டு நிறைய நீர் பாய்ச்ச வேண்டும். மூடாக்கு இடும்போது தண்டை ஒட்டாமல் இடுவது அவசியம். வேர் நன்கு பிடித்தபின் மிகக் குறைந்த பாசனமே போதும். உரம் மிகுந்தால் தழை பெருத்து, மரம் தலைகனத்து நிற்கும்.

சிறிய தோட்டத்தில் இதைப் புதராகவே வளர்ப்பது சிறந்தது. கன்று வேரூன்றியபின் தரையிலிருந்து 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டினால் பல தளிர்கள் கிளைக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தின் இறுதியில் ஆண்டுதோறும் இவ்வாறு வெட்டுவர். இதனால் மரத்தின் உயரம் கட்டுக்குள் இருப்பதோடு, அழகிய இளம் இலைகளும் தொடர்ந்து கிடைக்கும்.

பூச்சிகள்

சமவெளியில் இளங்கன்றுகளுக்கு முதல் எதிரி கரையான். லெப்டோசைபி இன்வேசா என்னும் சிறு குளவி இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முட்டையிட, அவ்விடங்கள் முடிச்சுமுடிச்சாக வீங்கி வளர்ச்சி குன்றும். பாதித்த கிளைகளை வெட்டி அழிப்பதும், நோயற்ற நாற்றை வாங்குவதும் பயன்தரும்.

எச்சரிக்கைகள்

இலையிலும் பட்டையிலும் உள்ள எண்ணெய் எளிதில் தீப்பற்றும். சருகுகளை வீட்டருகே குவிக்கக் கூடாது. பெரிய கிளைகள் காற்றில்லாத நாளிலும் முறிந்து விழக்கூடும். தைலத்தைக் குழந்தைகள் சிறிதளவு குடித்தாலும் நஞ்சாகும். இம்மரம் மண்ணின் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பதால், கர்நாடக அரசு 2017இல் புதிய நடவுக்குத் தடை விதித்தது. ஆகவே நிலத்தடி நீர் குறைந்த ஊரில், கிணற்றை நம்பி வாழும் வீட்டில், இதற்குப் பதிலாக வேம்பு, புங்கன் போன்ற நாட்டு மரங்களை நடுவதே பொறுப்பான தேர்வு.