கலமும் பொத்தானும்

வரலாற்றுக் கட்டுரையில் படத்துக்கு என்ன வேலை? நம் ஆய்விதழ்கள் இதுவரை தந்துவந்த பதில் சுலபமானது: கட்டுரை பேசும், படம் தலையாட்டும். வாசகரும் கூடவே தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டவேண்டியதுதான். இணையத்தில் வெளியாகும் ஆய்விதழ்களில் இப்போது ஊடாடும் படம் என்று ஒன்று வருகிறது. வரைபடத்தின் காலத்தை வாசகரே மாற்றலாம், ஒரு சான்றை நீக்கிப் பார்க்கலாம், கல்வெட்டின் மேல் வெளிச்சத்தை நகர்த்தலாம். இதையெல்லாம் வெறும் ஜிகினா வேலை என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. பிரதியின் மீதான அதிகாரம் யாரிடம் என்ற பழைய கேள்விதான் இதற்குள்ளும் கிடக்கிறது.

வடசேரியில் இருந்து எழுதுகிறவனுக்கு உதாரணம் தேடி தூரம் போகவேண்டாம். மேற்கே முஞ்சிறைக்குப் பக்கம் பார்த்திவபுரம். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் செப்பேடு கலியுகத்தில் 14,49,087 நாள் கழிந்ததாகக் கணக்குச் சொல்கிறது. கூட்டிக் கழித்தால் கி.பி. 866. முஞ்சிறைச் சபைக்கு மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்றான், கோயில் கட்டினான், 95 சட்டர் படிக்கச் சாலையும் நிறுவினான். முன்மாதிரி காந்தளூர்ச் சாலை. இச்செப்பேட்டைத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் டி.ஏ. கோபிநாத ராவ் பதிப்பித்தார்.

அந்தக் காந்தளூரில்தான் 'கலமறுத்ததாக' முதலாம் ராஜராஜனின் கல்வெட்டுகள் பேசுகின்றன. பின்வந்த சோழர்களும் அதையே சொல்லிக்கொண்டார்கள். கலம் என்றால் கப்பலா, உண்கலமா? கப்பலானால் கடற்போர். உண்கலமானால் சாலையின் சோற்று ஏற்பாட்டில் கைவைத்த காரியம். ஒரே சொல்லுக்குள் இரண்டு சோழர்கள்! கவிஞராக மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிற கவிமணி, காந்தளூர்ச் சாலை பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

அச்சில் இந்த விவாதத்தைப் படிப்பவருக்கு ஆசிரியர் பொறுக்கிய நாலைந்து சான்றுகள்தான் கிடைக்கும். ஊடாடும் படமானால், சொல் வருகிற கல்வெட்டெல்லாம் மன்னன், ஆட்சியாண்டு, ஊர் என்று விரியும். மைப்படியும் வாசிப்பும் அக்கம்பக்கமாக நிற்கும். எனக்கு எதிரான சான்றை நான் ஒளித்தால் மாட்டிக்கொள்வேன். கோயில் நகை செய்கிற வடசேரி ஆசாரி, கல் பதித்த நகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாய் திறப்பார். ஒரு கோணத்துப் போட்டோவை நீட்டினால் சிரிப்பார். வரலாற்று வாசகருக்கு மட்டும் அந்த உரிமை வேண்டாமா?

அதற்காக வாசகர் விடுதலை வந்துவிட்டது என்று கொட்டு மேளம் அடிக்கவும் வேண்டாம். பொத்தானை வைத்தவர் யார்? மன்னன், ஆண்டு, ஊர் என்று மூன்று பொத்தான் இருந்தால் வாசகர் அந்த மூன்றுக்குள்தான் சுற்றிவருவார். முஞ்சிறையில் கைமாறிய நிலத்தை உழுதவர் யார் என்று கேட்க நாலாவது பொத்தான் கிடையாது. ஆகவே படத்துக்கு அடியில் கிடக்கும் தரவு முழுசாக வாசகர் கைக்கு வரவேண்டும். ஐராவதம் மகாதேவன் 1977இல் கணிப்பொறித் துணையோடு சிந்து எழுத்துகளின் தொடரடைவை வெளியிட்டார். அவருடைய திராவிடக் கருதுகோளை ஏற்காதவர்களும் அதை எடுத்தாள முடிந்தது. முடிவும் தரவும் தனித்தனியாக இருந்ததுதான் காரணம்.

இன்னொரு சங்கதி ஆயுள். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31இல் நிறுத்தியது. அதை நம்பிச் செய்த படங்கள் உலாவிகளில் இயங்காமல் போயின. ஆனால், யார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 1996இல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கியாலஜி' இதழ் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தொழில்நுட்பம் சாகும், அதைத் தாண்டிப் பேணுவது பதிப்பாசிரியரின் பொறுப்பு.

என் கோரிக்கை சின்னதுதான். அசையும் படம் வெளியிடும் இதழ், அதன் அசையாத வடிவம் ஒன்றையும், தரவையும், இயக்கும் நிரலையும் கட்டுரையோடு சேர்த்தே வைக்கட்டும். ராவின் தொகுதியை இன்றும் விரித்து வைத்து அவரோடு சண்டை போட முடிகிறது. நம்மோடு சண்டை போட வருபவருக்கும் ஏதாவது மிச்சம் இருக்கணும்.