கரன்ட் புதரின் மேல் விழுந்த பழி

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில், மரங்கள் குட்டையாகிப் போகும் உயரத்தில், பாறைச் சரிவுகளின் இடுக்குகளில் மலைக் கரன்ட் (ரைபீஸ் மான்டிஜீனம்) வளர்கிறது. தண்டெல்லாம் முள், சிவந்த பழத்தின் மேலும் சுணை. இதையும் இதன் இனத்துச் செடிகளையும் வேரோடு களைய அமெரிக்க அரசு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஆட்களை மலையேற்றியது. வெள்ளைப் பைன் மரங்களைக் கொல்லும் கொப்புளத் துரு நோய்க்கு இடம் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. நோயின் இயல்பைவிட, கைக்கு எட்டுவது எது என்ற கணக்கே மேற்கு மலைகளில் இந்தத் தண்டனையைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

இந்நோயை உண்டாக்கும் குரோனார்ட்டியம் ரிபிகோலா என்னும் பூஞ்சை ஆசியாவில் தோன்றியது. கரன்ட் புதர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவரவில்லை. ஐரோப்பிய நாற்றங்கால்களில் மலிவாகக் கிடைத்த பைன் கன்றுகளோடு அது கப்பலேறியது. 1906இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவிலும், 1921இல் வான்கூவரிலும் கண்டறியப்பட்டது. தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் 1912இல் வந்தபோது நோய் ஏற்கெனவே கரையேறியிருந்தது.

பைனிலிருந்து பைனுக்கு இது நேரே தொற்றாது. வசந்தத்தில் பைன் பட்டையின் கொப்புளம் வெடித்து மஞ்சள் தூள் பறக்கும். அது கரன்ட் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளாக வளரும். கோடை முடிவில் அங்கேயே மயிர் போன்ற பழுப்புத் தூண்கள் முளைக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் மெல்லிய நுண்வித்துகள் பைன் ஊசியிலைக்குள் புகுந்து, கிளை வழியாக அடிமரத்தை அடைகின்றன. பைனிலிருந்து வரும் வித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும். கரன்டிலிருந்து போவதோ பெரும்பாலும் முந்நூறு மீட்டருக்குள் உலர்ந்து செத்துவிடும். ஆகவே பைன் தோப்பைச் சுற்றி அத்தனை தூரம் கரன்டை ஒழித்தால் போதும் என்றார்கள். ஏட்டளவில் பிழையற்ற திட்டம்தான். வடகிழக்கு மாநிலங்களின் காடுகளில் அது நோயைக் குறைக்கவும் செய்தது.

மேற்கு மலைகளில் கதை வேறு. 1930களில் வேலையில்லா இளைஞர்கள் சரிவுகளில் கயிறு கட்டிப் பாத்தி பிரித்து, ஒவ்வொரு பாத்தியாகப் புதர்களைக் கொத்திக் களைந்தனர். பாறை இடுக்கில் சிக்கிய வேர்க்கழுத்து மீண்டும் துளிர்த்தது. மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும் விதைகளுக்கு, கிளறப்பட்ட மண்ணே முளைக்கும் வாய்ப்பானது. குளிர்ந்த, ஈரமான இரவுகளில் நுண்வித்துகள் எல்லைக்கோட்டைத் தாண்டின. எஞ்சிய சில புதர்களே நோய்க்குப் போதும் என்றபின், தொண்ணூறு விழுக்காட்டு வெற்றியும் தோல்விதான். பின்னாளில் களைக்கொல்லிகளும் ஆன்டிபயாட்டிக்குகளும் வந்தன, அவையும் கைகொடுக்கவில்லை.

நிர்வாகிகள் மூடர்கள் என்று சொல்ல வரவில்லை. பைனை வெட்டுவது மரத் தொழிலுக்கு இழப்பு. நாற்று இறக்குமதியோ நடந்து முடிந்த கதை. விலையற்ற காட்டுப் புதர் ஒன்றே கையில் மிஞ்சியது. பறவைகளும் கரடிகளும் அதன் பழத்தைத் தின்கின்றன என்பது செலவுக் கணக்கில் ஏறாத விவரம்.

அடிப்படை அனுமானத்திலேயே ஓட்டை இருந்தது 2006இல்தான் தெரிந்தது: வட ஐடஹோவில் பெடிக்குலாரிஸ், காஸ்டில்லேயா ஆகிய காட்டுப் பூச்செடிகளிலும் இதே துரு இயற்கையாகத் தங்குவது உறுதிப்பட்டது. கரன்ட் முழுவதும் அழிந்திருந்தாலும் சுழற்சிக்கு வேறு வழி இருந்திருக்கும்.

பயன் தந்த பாதை பைனின் பக்கமே இருந்தது. நோய் சூழ்ந்த காட்டிலும் பிழைத்து நின்ற மரங்களைத் தாயாகக் கொண்டு எதிர்ப்புத்திறன் வளர்க்கும் பணி 1950இல் ஐடஹோவில் தொடங்கியது. கரன்டை வளர்க்க நடுவண் அரசு விதித்திருந்த தடை 1966இல் நீங்கியது. சில மாநிலங்கள் தம் தடையைப் பின்னும் விடவில்லை. இதே துரு முக்கியக் காரணமாக வெண்பட்டைப் பைன் 2022இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் மீட்சிக்கு நடப்படுவது எதிர்ப்புத்திறன் சோதித்த தாய்மரங்களின் நாற்று.