ரெண்டு காது எதுக்கு?

போன மாதம் அப்பாவை அழைத்துவர தாதர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். சரியான கூட்டம். பத்தடி தூரத்தில் நின்று "அப்பா, அப்பா" என்று கத்துகிறேன், அவர் எங்கெங்கோ பார்க்கிறார். "கூப்பிட்டா திரும்ப மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். "கேட்டுச்சுடா, எந்தப் பக்கம்னுதான் தெரியல" என்றார். அவருக்கு வலது காது கேட்காமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னொரு காதுதான் நன்றாக இருக்கிறதே என்று நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததில் கிடைத்த கதை இது.

1870களில் இங்கிலாந்தில் லார்டு ராலே (1904ல் நோபல் பரிசு வாங்கியவர்) கண்ணை மூடிக்கொண்டு புல்வெளியில் நின்றார். சுற்றிலும் ஆட்கள். யார் பேசினாலும் திசையைச் சொல்லிவிட்டார். இசைக்கவையைத் தட்டினால் மட்டும் இடமா வலமா என்று தெரிந்தது, முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை. 1907ல் விளக்கம் தந்தார். கீச்சென்ற ஒலியைத் தலை மறைப்பதால் மறுபக்கக் காதில் சத்தம் குறையும். தாழ்ந்த ஒலி தலையைச் சுற்றி வளைந்து போய்விடும். அதற்கு, எந்தக் காதுக்கு அலை முந்தி வருகிறது என்பதுதான் துப்பு. அந்த இடைவெளி விநாடியில் 1000ல் ஒரு பங்குகூடக் கிடையாது!

சரி, இரைச்சலில் ஒரு குரலை மட்டும் எப்படிப் பிரிக்கிறோம்? 1953ல் காலின் செர்ரி அதைச் சோதித்தார். ஒரே ஆள் பேசிய இரண்டு பேச்சுகளைக் கலந்து ஹெட்போனில் கொடுத்தார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டும் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காதுக்கு ஒரு பேச்சாகக் கொடுத்ததும் சுலபமாகப் பிரித்துவிட்டார்கள். ஆனால் கவனிக்காத காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. 1959ல் நெவில் மோரே அந்தக் காதில் கேட்பவரின் பெயரையே சொல்லிப் பார்த்தார். சுமார் மூன்றில் ஒருவர் அதைக் கவனித்தார்கள்.

ஆக, ஒரு காது போனால் பாதிச் சத்தம் போவதில்லை. திசை போகிறது, கூட்டத்தில் குரலைப் பிரிக்கும் வித்தை போகிறது. வாரா வாரம் போனில் பேசும் எனக்கு இது தெரியவே இல்லை. போனை அவர் நல்ல காதில்தானே வைப்பார்!

இப்போதெல்லாம் டிவியை அணைத்துவிட்டு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன். வெளியே போனால் கூப்பிடுவதில்லை, தோளைத் தொடுகிறேன். ஊரில் உங்கள் அப்பா அம்மா கல்யாண வீட்டில் பேச்சில் கலக்காமல் ஒதுங்கி உட்கார்ந்தால், கோபித்துக்கொள்ளும் முன் எந்தக் காது கேட்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.